பாட்டுக்கு ஒரு நாற்காலி: வேல்ஸின் ஐஸ்டெத்வொட் விழா, ஓர் எளிய அறிமுகம்

வேல்ஸில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு கவிதைப் போட்டியின் முடிவைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவார்கள். நடுவர் ஒருவர் மேடைக்கு வந்து, போட்டிக்கு வந்த கவிதைகளைப் பற்றி விரிவாகப் பேசுவார். எழுதியவர்களின் உண்மைப் பெயரைச் சொல்லமாட்டார், எல்லாம் புனைபெயர்தான். இன்னார் சந்தத்தில் தடுமாறிவிட்டார், இன்னார் நன்றாகத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டார் என்று ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு புனைபெயரில் நிறுத்துவார். விளக்குகள் அணையும். எக்காளம் முழங்கும். அந்தப் பெயருக்கு உரியவர் மட்டும் எழுந்து நிற்கட்டும் என்று அறிவிப்பார்கள். ஒரு வட்ட ஒளி இருட்டுக்குள் வரிசை வரிசையாகத் தேடிப் போகும். எங்கோ ஓர் இருக்கையிலிருந்து ஒருவர் எழுவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

அவருக்கு ஊதா அங்கி போர்த்தி மேடைக்கு அழைத்து வந்து, அந்த ஆண்டுக்கென்றே புதிதாகச் செய்த மர நாற்காலியில் உட்கார வைப்பார்கள். நாற்காலியை அவர் வீட்டுக்கே கொண்டு போகலாம். அதுதான் பரிசு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தனக்குத்தான் பரிசு என்பது அந்தக் கவிஞருக்கு முன்கூட்டியே தெரியும். யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று கட்டளை போட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். ஆக, அன்றைய தினம் ஒன்றும் தெரியாத முகத்தோடு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அது முழுக்க நடிப்பு. விழாவில் நடிகர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் இத்தனை கண்களுக்கு நடுவில் வசனமே இல்லாமல் நடிப்பவர் இவர் ஒருவர்தான்.

இந்த விழாவின் பெயர் ஐஸ்டெத்வொட். பிரிட்டன் தீவின் மேற்குப் பக்கம் இருக்கும் வேல்ஸ் நாட்டின் சொந்த மொழியான வெல்ஷில் நடக்கும் இலக்கிய, இசை, நாடகத் திருவிழா. எட்டு நாள் நடக்கும். ஓர் ஆண்டு வடக்கு வேல்ஸ், அடுத்த ஆண்டு தெற்கு வேல்ஸ் என்று ஊர் மாறிக்கொண்டே இருக்கும். நிரந்தரக் கட்டடம் கிடையாது. ஒரு பெரிய திடலில் கொட்டகை போட்டு, கூடாரங்கள் அடித்து, பக்கத்தில் வாகனங்களில் தங்கிக்கொள்ள இடம் விட்டு, ஒரு தற்காலிக ஊரையே எழுப்புகிறார்கள். சுமார் ஒன்றரை லட்சம் பேர் வந்து போகிறார்கள். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர், அதாவது மக்கள்தொகையில் 17.8 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விழாவின் கனம் தெரியும்.

வெல்ஷ், கெல்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், மான் தீவின் மாங்ஸ், கார்ன்வாலின் கார்னிஷ், பிரான்சின் பிரிட்டனி வட்டாரத்துப் பிரெத்தோன் ஆகியவை அதன் உறவுக்கார மொழிகள். இந்த ஆறு நிலங்களிலும் இப்படி விழாக்கள் உண்டு. அவற்றில் கவிஞருக்கு இவ்வளவு பெரிய மேடை போட்டுத் தருவது வேல்ஸ்தான் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டையில் தொடங்கியது

1176ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். தெற்கு வேல்ஸை ஆண்ட ரீஸ் பிரபு, கார்டிகன் ஊரில் தான் புதிதாகக் கட்டிய கோட்டையில் ஒரு போட்டி நடத்தினார். ஓராண்டுக்கு முன்பே வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எங்கும் அறிவித்துவிட்டார். கவிஞர்களுக்கு ஒரு நாற்காலி, இசைஞர்களுக்கு ஒரு நாற்காலி. கவிதை நாற்காலி வடக்கே க்வினெத் நாட்டுக்காரர்களுக்குப் போனது. இசை நாற்காலியை ரீஸின் அரண்மனையைச் சேர்ந்த ஓர் இளைஞனே வென்றான். பழைய வெல்ஷ் வரலாற்றுக் குறிப்புகளில் இது பதிவாகியிருக்கிறது. 'முதல் ஐஸ்டெத்வொட்' என்று வழக்கமாகச் சொல்வது இதைத்தான்.

அந்தக் காலத்தில் கவிஞர் என்பது ஒரு தொழில். பிரபுவைப் புகழ்ந்து பாட வேண்டும், இறந்தால் இரங்கற்பா பாட வேண்டும், வம்சாவளி முழுதும் மனப்பாடமாக இருக்க வேண்டும். யார் தேர்ந்த கவிஞர், யார் ஊர் சுற்றிப் பிழைக்கும் பாட்டுக்காரர் என்று பிரித்துச் சொல்ல ஒரு தேர்வு தேவைப்பட்டது. 1523இலும் 1567இலும் கேர்விஸ் என்ற சிறு ஊரில் நடந்த போட்டிகள் ஏறக்குறைய உரிமம் வழங்கும் தேர்வுகள்தான். இரண்டாவது முறை முதலாம் எலிசபெத் ராணியின் ஆணையோடே நடந்தது. தகுதியில்லாமல் திரிபவர்களை ஒழுங்காக வேறு வேலை பார்க்கச் சொல்லி அனுப்புவதும் அதன் நோக்கம். அப்புறம் ஆதரித்த பிரபுக்கள் ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தார்கள். தொழில்முறைக் கவிஞர் மரபு தேய்ந்தது. போட்டிகள் சத்திரங்களில் பத்துப் பேர் கூடிக் குடித்துக்கொண்டு பாடுவதாகச் சுருங்கிவிட்டன.

ஒரே அடிக்குள் இரண்டு முறை

தோற்றத்தைக் காட்டிலும் முக்கியம் அந்தக் கவிதையின் கட்டுமானம். வெள்ளிக்கிழமை நாற்காலிக்கு எழுதும் கவிதை கங்ஹானெத் என்ற ஒலி ஒழுங்கில் இருந்தே ஆக வேண்டும். இதில் விலக்கு இல்லை.

நமக்கு எதுகை, மோனை தெரியும். முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. கங்ஹானெத் அதையும் தாண்டிப் போகிறது. அதில் நான்கு வகை உண்டு. ஒரு வகையில், அடியை நடுவில் பிளந்தால், முதல் பாதியில் வந்த மெய்கள் அத்தனையும் அதே வரிசையில் இரண்டாம் பாதியிலும் வர வேண்டும். உயிர்கள் மாறலாம்.

தமிழில் முயன்று பார்த்தேன்: "மலையில் நதி, மாலையில் நிதி." முதல் பாதியின் மெய்கள் ம், ல், ய், ல், ந், த். இரண்டாம் பாதியிலும் அதே ஆறும் அதே வரிசையில். பொருள் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். இப்படி ஓர் அடி அல்ல, பல ஆண்டுகளில் உச்சவரம்பாக வைக்கிற 200, 250 அடிகளுக்கு, கொடுத்த தலைப்பில், உணர்ச்சியும் கெடாமல் எழுத வேண்டும் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். வெல்ஷில் அழுத்தம் விழும் இடத்துக்கும் விதி உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

மற்ற வகைகளில் ஒன்றில் இடையில் சில மெய்கள் பொருந்தாமல் விட அனுமதி உண்டு. இன்னொன்றில் அடியை மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டு துண்டும் இயைபாக முடிய, இரண்டாவதும் மூன்றாவதும் மெய்யால் பொருந்த வேண்டும். கடைசி வகையில், அடியின் இறுதிச் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசை, அடியின் முற்பகுதியில் வந்த ஓர் அசையோடு இயையும். இந்த ஒலி விதிகளின் மேல் 24 பா வடிவங்கள். 1451 வாக்கில் கார்மார்தன் ஊரில் நடந்த ஐஸ்டெத்வொட்டில் தாவித் ஆப் எட்முண்ட் என்ற கவிஞர் இவற்றை வேண்டுமென்றே இன்னும் கடினமாக்கித் திருத்தினார். அவரே வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

24இல் இன்றும் மிகுந்த புழக்கத்தில் இருப்பது எங்லின். நான்கு அடி, மொத்தம் முப்பது அசை: 10, 6, 7, 7. கல்லறைக் கல்லில் பொறிப்பார்கள், கல்யாணத்தில் வாசிப்பார்கள், கிண்டலுக்கும் எழுதுவார்கள்.

இதை எழுதுகிறவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆடு மேய்ப்பவர், கல் உடைப்பவர், சபைப் போதகர், பள்ளி ஆசிரியர் எல்லோரும் இந்த நாற்காலியை வென்றிருக்கிறார்கள். கார்டிகன் பக்கத்து விவசாயி டிக் ஜோன்ஸ் 1966இல் அறுவடையைப் பற்றிய கவிதைக்கு வென்றார். பத்து ஆண்டு கழித்து, 1976இல், ரீஸ் பிரபுவின் போட்டிக்கு 800 ஆண்டு நிறைவு என்று அதே கார்டிகனில் விழா. மறுபடியும் அவர் கவிதைதான் முதலிடம். ஆனால் அவர் விழாவின் இலக்கியக் குழுவில் உறுப்பினர். விதிப்படி போட்டியிட முடியாது. நாற்காலி அடுத்து நின்ற ஆலன் லுய்டுக்குப் போனது. இவர் வேண்டியவர், அவர் பெரியவர் என்பதெல்லாம் அங்கே எடுபடவில்லை. வந்ததில் எதுவும் தேறவில்லை என்றால் யாருக்கும் நாற்காலி இல்லை என்று அறிவித்துவிடவும் செய்வார்கள். என்னைக் கேட்டால், இந்த விழாவின் மானம் அந்த மறுப்பில்தான் இருக்கிறது.

வாரத்தின் மற்ற நாட்களுக்கும் பரிசு உண்டு. திங்களன்று, கங்ஹானெத் கட்டாயம் இல்லாத கவிதைக்குக் கிரீடம். புதனன்று உரைநடைக்குப் பதக்கம்.

வேஷம் பொய், வித்தை மெய்

இனி அந்த அங்கிகள். பச்சை, நீலம், வெள்ளை அங்கி அணிந்த பெருங்கூட்டம் ஊர்வலமாக வரும். நடுவில் தலைமைத் துருயிட், மார்பில் கவசம், தலையில் கிரீடத்தோடு வருவார். துருயிட்கள் என்பவர்கள் பழங்காலக் கெல்டிக் பூசாரிகள். பெரிய வாளை உறையிலிருந்து பாதி உருவி, "அமைதி நிலவுகிறதா?" என்று மூன்று முறை கேட்பார்கள். கூட்டம் மூன்று முறையும் "அமைதி!" என்று முழங்கும். வாளை முழுதாக உருவமாட்டார்கள். சிறுமிகள் காட்டுப் பூக்களோடு ஆடுவார்கள். பார்க்கிற யாருக்கும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கண் முன்னால் வந்து நிற்பதாகத் தோன்றும்.

எல்லாம் 1792இல் லண்டனில் தொடங்கியது.

தொடங்கியவர் எட்வர்ட் வில்லியம்ஸ், கவிப்பெயர் யோலோ மோர்கானுக். கிளமோர்கன் பகுதிக் கொத்தனார். அபின் கரைசலுக்கு அடிமை. அசாத்தியமான மூளை. பழைய சுவடிகளை அவர் அளவுக்குப் படித்தவர்கள் அன்று குறைவு. இல்லாத சுவடிகளை அவர் அளவுக்குத் துணிச்சலாக உண்டாக்கியவரும் இல்லை. 14ஆம் நூற்றாண்டுப் பெருங்கவிஞர் தாவித் ஆப் க்விலிம் பெயரில் தானே பாட்டு எழுதி, 1789இல் வந்த பதிப்பின் பின்னிணைப்பில் புகுத்திவிட்டார். அது போலி என்று உறுதியாக நிறுவ 20ஆம் நூற்றாண்டு ஆயிற்று. துருயிட்களின் சடங்கு அறுபடாமல் என்னிடம் வந்திருக்கிறது என்று சொல்லி, 1792 ஜூன் 21 அன்று லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக வைத்து, 'கோர்செத்' என்ற கவிஞர் அவையைக் கூட்டினார். 1819இல் கார்மார்தன் ஐஸ்டெத்வொட்டின்போது, அங்கே ஒரு விடுதித் தோட்டத்தில் இதே சடங்கை நடத்தி, விழாவோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

புரட்டு என்று தெரிந்த பிறகும் ஏன் வைத்திருக்கிறார்கள்? தலைமைத் துருயிடாக இருந்த கவிஞர் கனான், 20ஆம் நூற்றாண்டின் நடுவில், இது பழமையானது அல்ல என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு சடங்கை இன்னும் ஒழுங்காக, மேடைக்கு ஏற்றதாக மாற்றியமைத்தார். பழமை என்ற பாசாங்கு போய், நாடகம் என்ற மரியாதை வந்தது. எழுதி உறையில் போட்டு அனுப்பிய ஒரு கவிதைக்கு, இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேறு என்ன வழி இருக்கிறது? யோலோவின் பொய்யை மன்னிக்க எனக்கு அந்த ஒரு காரணம் போதும். அரசியாவதற்கு முன் இளவரசி எலிசபெத் 1946இல் இந்த அவையில் சேர்க்கப்பட்டார். 2002இல் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் சேர்ந்தபோது, கிறிஸ்தவர் துருயிட் அங்கி போடுவதா என்று இங்கிலாந்தில் சிலர் கொதித்தார்கள். வேல்ஸில் சிரித்தார்கள்.

இந்தச் சடங்கு ஒரு முறை தாங்க முடியாத அளவுக்குக் கனத்தது. 1917 செப்டம்பர் 6, இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட் நகரம். முதல் உலகப் போர் நடக்கிறது. கூட்டத்தில் பிரதமர் லாயிட் ஜார்ஜ் இருக்கிறார்; அவரும் வெல்ஷ்காரர். நடுவர் வென்றவரின் புனைபெயரைச் சொல்கிறார். யாரும் எழவில்லை. மீண்டும் அழைக்கிறார்கள், எழவில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு தலைமைத் துருயிட் அறிவிக்கிறார்: அந்தக் கவிஞர் போரில் இறந்துவிட்டார். த்ரௌஸ்வனித் ஊரின் ஆட்டுப்பண்ணை வீட்டு மகன் எல்லிஸ் எவன்ஸ், கவிப்பெயர் ஹெத் வின், வயது முப்பது. கவிதையை பிரான்சிலிருந்து அனுப்பிவிட்டு, ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் பாஷண்டேல் போரின் முதல் நாளில் கொல்லப்பட்டார். காலி நாற்காலியின் மேல் கறுப்புத் துணி விரித்தார்கள். அந்த நாற்காலியைச் செதுக்கியவர், போருக்குத் தப்பி வந்த ஒரு பெல்ஜிய அகதி. அது இன்றும் ஹெத் வின் வளர்ந்த பண்ணை வீட்டில்தான் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

பெண்கள் விஷயத்தில் விழா மெதுவாகத்தான் நகர்ந்தது. 1953இல் டிலிஸ் கட்வாலடர் கிரீடம் வென்ற முதல் பெண். நாற்காலிக்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வென்றவர் மெரெரிட் ஹாப்வுட். 2013இல் கிறிஸ்டின் ஜேம்ஸ் முதல் பெண் தலைமைத் துருயிட் ஆனார். 2024இல் அந்தப் பொறுப்பு ஹாப்வுட்டிடம் வந்தது.

நடிகர்களும் கதைசொல்லிகளும்

பெரிய கொட்டகையை விட்டு வெளியே வந்தால் விழாவின் தொனியே மாறிவிடும். இலக்கியக் கூடாரத்தில் கவிஞர் அணிகள் மோதும். வானொலியில் 1979 முதல் நடந்துவரும் 'கவிஞர்களின் சேவற்களம்' என்ற போட்டியின் இறுதிச் சுற்றும் அங்கேதான். ஓர் ஈரடி, ஓர் எங்லின், ஒரு குறும்புப்பாட்டு என்று பணி கொடுப்பார்கள். நடுவர் பத்துக்கு மதிப்பெண் போடுவார். ஒன்பதரை வாங்கினால் கைதட்டல் கிளம்பும். கெரால்ட் லாயிட் ஓவன் என்ற கவிஞர் முப்பது ஆண்டுக்கு மேல் அந்த நடுவர் நாற்காலியில் இருந்தார். கெட்ட வார்த்தையும் பீரும் கலந்த 'ஸ்டோம்ப்' என்ற கேளிக்கைப் போட்டியும் உண்டு; அதில் நடுவர் கிடையாது, கூட்டமே வண்ண அட்டை தூக்கி வாக்களிக்கும். வென்றவருக்கு நாற்காலி இல்லை, முக்காலி.

நடிகர்களின் கதை கொஞ்சம் வளைவானது. 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸை ஆட்டிப்படைத்த கண்டிப்பான கிறிஸ்தவ சபைகளுக்கு நாடகம் என்றாலே ஆகாது. அதனால் நடிக்கும் ஆசை முழுக்கக் கவிதை ஒப்பிப்பதில் போய்ச் சேர்ந்தது. கையை வீசி, குரலை ஏற்றி இறக்கி, கண்ணை உருட்டி ஒப்பிப்பதற்குத் தனிப் போட்டியே வைத்தார்கள். இன்று அந்த மிகை குறைந்து, கவிதையை உணர்ந்து சொல்வதாக அது மாறியிருக்கிறது. தனியாளாகவும் சொல்லலாம், குழுவாகவும் சொல்லலாம். நாடகப் போட்டிகளும் வந்து சேர்ந்தன. வெல்ஷைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் பெயரில் இளம் நடிகர்களுக்கு ஒரு பரிசு தருகிறார்கள்.

ஒரே ஒரு போட்டியைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், கெர்த் தான்ட் பாருங்கள். யாழ் ஒரு மெட்டை வாசிக்கத் தொடங்கும். பாடுபவர் சும்மா நிற்பார். சில தாள அளவுகள் கடந்த பிறகு, யாழின் மெட்டோடு ஒட்டாத வேறொரு மெட்டில் கவிதையைப் பாடத் தொடங்குவார். இரண்டும் தனித்தனியே ஓடி, மிகச் சரியாக ஒரே இடத்தில் வந்து முடியும். பாட்டு கவிதைக்கு வேலைக்காரன். கவிதையின் ஒரு சொல்கூடத் தேயக்கூடாது.

கதைசொல்லிகளுக்கு மட்டும் இந்த விழா கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுகிறது. ஒரு காலத்தில் அவர்கள் நிலை அப்படி இல்லை. 'மபினோகி' என்ற இடைக்கால வெல்ஷ் கதைத் தொகுதியின் நான்காம் கிளையில், க்விதியோன் என்ற மந்திரவாதி பதினொரு பேரோடு கவிஞர் வேஷம் போட்டு, பிரதேரி அரசனின் அவைக்குப் போகிறான். ஒரு கதை சொல்லுங்கள் என்கிறான் அரசன். உலகிலேயே சிறந்த கதைசொல்லி க்விதியோன். அன்றிரவு அவையே மயங்குகிறது. மயங்கிய நேரம் பார்த்து, பாதாள உலகத்திலிருந்து வந்த அபூர்வப் பன்றிகளைக் கேட்கிறான். மறுநாள் மந்திரத்தால் உண்டாக்கிய குதிரைகளையும் வேட்டை நாய்களையும், காளான்களிலிருந்து உண்டாக்கிய கேடயங்களையும் ஈடாகக் கொடுத்துப் பன்றிகளை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். மந்திரம் ஒரு நாள்தான் தாங்கும். அப்புறம் போர். கதை கேட்டு நாட்டையே வம்பில் மாட்டிய அரசன் அவன்.

அப்படிப்பட்ட பரம்பரைக்கு இன்று நாற்காலியும் இல்லை, கிரீடமும் இல்லை. உரைநடைப் பதக்கம் எழுத்துக்குத்தான். வாய்மொழிக் கதை சிறு கூடாரங்களில் நடக்கிறது. அதற்கென்றே 1993இல் செயின்ட் டோனட்ஸ் கோட்டையில் 'எல்லைக்கு அப்பால்' என்ற தனி விழாவைத் தொடங்க வேண்டியிருந்தது. அயர்லாந்து இந்த விஷயத்தில் தாராளம். அங்கே 1897இல் தொடங்கிய இரெக்டஸ் விழாவில் கதைசொல்லலுக்குப் போட்டி உண்டு. இருவர் மேடையேறி, இயைபு வைத்த வசனத்தில் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளும் ஒரு வடிவமும் அங்கே படு பிரபலம். ஸ்காட்லாந்தின் மோட் விழா 1892இல் ஓபனில் தொடங்கியது. பாட்டுதான் அதன் பலம். 1971இல் தொடங்கிய பிரிட்டனியின் லோரியான் விழாவுக்கு ஆறு நிலத்துக்காரர்களும் வருகிறார்கள், ஆனால் அங்கே பைப் வாத்தியச் சத்தத்தில் கவிஞர் குரல் எடுபடுவது கஷ்டம்.

வெல்ஷ் தெரியாதவர் போனால் புரியுமா? மேடையில் ஆங்கிலம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் இருந்தது. 1847இல் லண்டன் அரசு அனுப்பிய கல்வி விசாரணைக் குழு, வெல்ஷ் மொழிதான் மக்களின் பின்தங்கலுக்குக் காரணம் என்று எழுதிவிட்டுப் போக, அந்த அவமானத்தில் விழாக்காரர்களே ஆங்கிலத்தை உள்ளே விட்டார்கள். 1950 கேர்ஃபிலி விழாவிலிருந்து எல்லாம் வெல்ஷில் மட்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி தருவார்கள், உடனுக்குடன் ஆங்கில மொழிபெயர்ப்பு வரும். வீட்டிலிருந்து பார்க்க விரும்பினால் வெல்ஷ் தொலைக்காட்சியான எஸ்4சி ஒளிபரப்புகிறது. திங்கள், புதன், வெள்ளி பிற்பகல்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைச் சடங்கு முடிந்ததும் வெளியே புத்தகக் கடைகளில் வரிசை நீளும். வென்ற படைப்புகளும் நடுவர்களின் தீர்ப்புரைகளும் அடங்கிய தடித்த தொகுப்பு அந்த நேரத்தில்தான் விற்பனைக்கு வரும். தோற்ற ஒவ்வொரு கவிதைக்கும் அதில் விமர்சனம் உண்டு, புனைபெயரில். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பது யார் என்று கடைசிவரை வெளியிடமாட்டார்கள். தன் கவிதையை நடுவர் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பதை, வாங்கியவர் அங்கேயே நின்றபடி, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் படித்துக்கொள்ளலாம்.